கூத்துக் களரி கற்பிக்கும் பாடங்கள்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்துப் போற்றியவர் நம் முன்னோர். அம்மூன்றனுள் இயலுக்கு நாள்தோறும் பாடவேளை தந்தோம். இசைக்கு ஓர் அறை தந்தோம். நாடகத்துக்கோ விழாவுக்கு முந்திய இரண்டு கிழமைகளை மட்டுமே விட்டுவைத்தோம். பரீட்சை நெருங்கினால் அவையும் பறிபோகும். “கூத்தாடித் திரிந்தால் படிப்பு என்னாவது?” என்று வினவும் பெற்றோரை ஆசிரியர் யாவரும் அறிவர். கூத்தாடி என்னும் சொல்லையே வசைச்சொல்லாக்கிய சமூகம் இவ்வாறு வினவுவதில் வியப்பில்லை. ஆயினும், வாழ்க்கைக்கு இன்றியமையாத சில பாடங்களைக் களரியிலே கற்பதுபோல வகுப்பறையிலே கற்றல் இயலாது என்பது என் துணிபு.

மட்டக்களப்புக் கிராமங்களிலே கூத்துப் பழகும் முறையை நோக்குக. அண்ணாவியார் ஆட வந்தோரின் குரலையும் தோற்றத்தையும் கண்டு, இன்னார்க்கு இன்ன பாத்திரம் என வகுத்து, அவரவர்க்குரிய பாட்டையும் வசனத்தையும் கையளிப்பார். இதனைச் சட்டம் கொடுத்தல் என்பர். அதன்பின் இரவுதோறும், மாதக்கணக்கிலே, பயிற்சி நடைபெறும். ஆட்டம் காலிலே படிந்த பின்னரே சதங்கை அணி விழா. அதற்கும் பின்னரே அரங்கேற்றம். முதல் நாளிலேயே முடிசூடி நிற்க எவர்க்கும் உரிமை இல்லை. விரும்பிய பாத்திரம் கிடையாதவனும் கிடைத்த பாத்திரத்தைச் செவ்வனே ஆடக் கடமைப்பட்டவன். கட்டியகாரன் பிழைத்தால் அரசனின் வரவு சோபிக்காது. பொறுமையும் கடமையும் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர் பலர் உளர். அவற்றை உடம்பால் அறிந்தவர் சிலரே.

இனி, வட்டக்களரியிலே நிகழ்வது ஒன்றைக் கூறுவேன். ஆட்டக்காரன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் எடுத்துப் பாடுவர். அவ்வேளையிலேதான் அவன் மூச்சை மீட்டுக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு ஆயத்தமாவான். அவர்கள் ஒரு கணம் தாமதித்தாலும் அவன் தளர்வான். தன் புகழுக்குப் பின்னே எத்தனை பேருடைய மூச்சு நிற்கின்றது என்பதை அவன் ஒவ்வோர் அடியிலும் உணர்கின்றான். பரீட்சை மண்டபத்திலே அருகிலிருப்பவனுக்கு உதவுதல் குற்றம். களரியிலே உதவாதிருத்தல் குற்றம். இரண்டு ஒழுக்கமும் வாழ்க்கைக்கு வேண்டியனவே. நாமோ பதின்மூன்று ஆண்டுகள் முன்னதை மட்டுமே பயிற்றி மாணவரை உலகுக்கு அனுப்புகின்றோம்.

பணிவு என்னும் பாடத்துக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் சான்று தருகின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, மேடைக்கு ஏற்றவாறு செம்மைப்படுத்தி, ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964) முதலியவற்றை அரங்கேற்றினார். அங்கே பட்டப்படிப்பு மாணவ மாணவியர், ஏட்டுக்கல்வியின் பெருமையை ஒருபுறம் வைத்துவிட்டு, கிராமத்து அண்ணாவியாரிடம் தாளக்கட்டுப் பயின்றனர். ஊர்க் களரிக்குள்ளே சாதிப் பிரிவினையும் புகுந்திருந்தது என்பதை மறைத்தல் தகாது. பல ஊரினரும் ஒரே தாளத்துக்கு அடிவைத்த அம்மேடை அதற்கும் ஒரு மறுமொழியாயிற்று. இராவணேசனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர்க் கலாநிதிப் பட்டம் பெற்றுப் பேராசிரியராகவும் விளங்கினார். கூத்தாடியதால் அவர் படிப்புக் கெட்டதென்று எவரும் சொல்லார்.

காங்கேசன்துறை தந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) ‘மயான காண்ட’த்திலே அரிச்சந்திரனாகப் பல்லாண்டுகள் நடித்தவர். கதையின் முடிவைச் சபையோர் யாவரும் அறிவர். அறிந்தும் மீண்டும் மீண்டும் வந்தனர். செய்த தொழிலையே நாள்தோறும் புதிதாய்ச் செய்தல் எவ்வளவு அரிது என்பதை ஆசிரியரும் மருத்துவரும் எழுதுவினைஞரும் நன்கு அறிவர். அவ்வாற்றலுக்கு நடிகனே நல்லாசான்.

இன்னொன்று, துறத்தல். இரவெல்லாம் அரசனாய் நின்றவன் விடிந்ததும் முடியைக் கழற்றி வைத்து வயலுக்குச் செல்கின்றான். செல்வம் நீங்குவதற்குக் கூத்தவை கலைவதை வள்ளுவர் உவமை கூறியமை சிந்திக்கத்தக்கது. பதவியிலிருந்து இறங்க அறியாது வருந்தும் பெரியோரைக் காணுந்தோறும், இவர்கள் இளமையிலே ஒருமுறையாவது வேடம் கட்டி அவிழ்த்திருக்கலாகாதா என்று தோன்றும்.

இக்காலக் கல்லூரிகளில் நாடகமே இல்லையா எனின், உண்டு. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஆண்டுதோறும் குழு புறப்படுகின்றது. வெற்றிக் கேடயமும் வருகின்றது. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் போட்டிக்கெனத் தெரியும்போது, முன்னரே குரல்வளமும் துணிவும் உடையவனையே தெரிகின்றோம். நாலுபேர் முன்னே நாவெழாதவன் பார்வையாளர் வரிசையிலேயே அமர்ந்துவிடுகின்றான். மேடை எவனுக்கு மிகவும் வேண்டுமோ அவனுக்கே அது கிடைப்பதில்லை.

ஆதலின், இவ்விழா ஆண்டிலே ஒரு வேண்டுகோள். கேடயத்தைக் கருதாது, வகுப்புத்தோறும் ஒரு கூத்து ஆடப்படுக. வகுப்பிலுள்ள ஒவ்வொருவனுக்கும் அதிலே ஓரிடம் இருக்கட்டும்: ஆட இயலாதவன் பிற்பாட்டுப் பாடுக, பாட இயலாதவன் உடுப்புத் தைக்க உதவுக. பழைய மாணவர்களே! கல்லூரிக்குக் கட்டடம் எழுப்ப நீங்கள் வாரி வழங்கியுள்ளீர்கள். ஒரு மத்தளத்துக்கும், ஓர் அண்ணாவியாரை ஒரு தவணைக்கு அழைத்து வந்து மதிப்போடு இருத்துவதற்கும் ஆகும் செலவு அதனுள் மிகச் சிறியதே. அதனையும் மனமுவந்து ஏற்பீர்களாயின், கூத்தாடி என்னும் சொல் நம் கல்லூரி வளவிலேனும் வசையாய் ஒலியாது.