பன்னிரண்டு பேரும் மிச்சம் தொண்ணூறு பேரும்

2022 ஜூன் மாதச் செய்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 'கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு!' நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற ஊசி போட்டார்கள். அத்தனை பேருக்கும் கட்டி காணாமல் போனது. கதிர்வீச்சு, கீமோ, ஆபரேஷன் எதுவும் தேவைப்படவில்லை. 2025-ல் எண்ணிக்கை 49 ஆனபோதும் அதே விடைதான். அத்தனையும் நிஜம்.

ஆனால் பல இடங்களில் கடைசிப் பத்திக்குத் தள்ளப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. அவர்களுக்கு இருந்தது தனி ரகக் கட்டி. மரபணுவில் விழும் எழுத்துப் பிழையைத் திருத்தும் வசதி கெட்டுப்போன ரகம். மலக்குடல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் அது இருக்கும். மிச்சம் தொண்ணூறு பேருக்கு இந்த ஊசியைத் தனியாகப் போட்டால் பெரும்பாலும் பலனில்லை.

அவர்களுக்காகத்தான் இப்போது கூட்டணி முயற்சி. ஆபரேஷனுக்கு முன்பு கதிர்வீச்சு, கீமோ, கூடவே எதிர்ப்பு அணுக்களின் பிரேக்கை எடுத்துவிடும் ஊசி. கதிர்வீச்சில் கட்டி உடைந்தால் எதிர்ப்பு அணுக்களுக்கு எதிரி யாரென்று தெரிந்துவிடும் என்பது கணக்கு. ஆனால் விடை ஊருக்கு ஊர் மாறுகிறது. 2021-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் பெம்ப்ரோலிசுமாபைச் சேர்த்தபோது கட்டி முழுசாகக் கரைந்தது 31.9 சதவீதம் பேருக்கு. சேர்க்காமலே 29.4! 2024-ல் வெளியான சீனாவின் 'யூனியன்' ஆய்விலோ, வேறொரு ஊசியோடு 39.8, அது இல்லாமல் 15.3.

பிரமாதம்தான். ஆனால் நான் பி.காம். படித்தவன், பேரேட்டைப் புரட்டாமல் விடமாட்டேன். சீனாவில் ஊசி போட்டவர்களுக்கு ஐந்தே நாள் கதிர்வீச்சு. போடாதவர்களுக்கு ஐந்து வாரத்துக்கும் மேல். ரெண்டு சரக்கை மாற்றிவிட்டு, மொத்த லாபத்தையும் ஒன்றின் பேரில் வரவு வைக்கலாமா?

இந்த நிலையில், பன்னிரண்டு பேர் கதையைச் சொல்லி மிச்சம் தொண்ணூறு பேரின் நகைநட்டை விற்க வைப்பதை வியாபாரம் என்றுகூடச் சொல்லமாட்டேன். வியாபாரத்தில் எடைக்கல்லாவது இருக்கும்.

இங்கே எடைக்கல், எம்.எம்.ஆர். சோதனை. பயாப்ஸிக்கு எடுத்த அதே சதைத்துண்டு போதும். ஊசியின் விலையோடு பார்த்தால் சில்லறைக் காசு. இதைச் செய்யாமல் விட்டால் நஷ்டம் இரண்டு பக்கமும். ஊசியிலேயே குணமாகக்கூடியவர் ஆபரேஷன் செய்துகொண்டு ஆயுசுக்கும் வயிற்றில் பை மாட்டித் திரிவார். பலிக்காதவர் வீட்டை அடமானம் வைப்பார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்றால், ஊசி பற்றிப் பேச்சு வந்ததும் முதலில் கேளுங்கள்: "எம்.எம்.ஆர். ரிப்போர்ட் எங்கே, டாக்டர்?" கட்டி அந்த ரகம் இல்லையென்றால் அடுத்த கேள்வி: "இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? ஆராய்ச்சி என்றால், ஊசிக்கு நான் எதுக்குங்க பணம் கட்டணும்?"