கீரைக்குள் ஒளிந்திருக்கும் ஊமத்தை



மாரி மழை ஓய்ந்ததும் மருதமுனை தொடக்கம் நிந்தவூர் வரை மணல் வளவுகளில் கீரைகள் தாமாகவே முளைத்துவிடும். 2004 சுனாமிக்குப் பின் வெறுமையாகிப்போன கடற்கரைக் காணிகளிலும் இவற்றைக் காணலாம். கணவரை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு இது காசில்லாமல் கிடைக்கும் கறி. ஆனால் அதே மண்ணில்தான் ஊமத்தையும் முளைக்கிறது.

ஊமத்தையும் மணத்தக்காளியும் கத்தரி, தக்காளி, மிளகாயோடு சேர்ந்த ஒரே குடும்பத்துச் செடிகள். பூத்துவிட்டால் குழப்பமில்லை. மணத்தக்காளியின் பூ சிறிய வெள்ளை நட்சத்திரம், பழம் மிளகளவு. ஊமத்தைப் பூவோ ஒரு சாண் நீளப் புனல், வெள்ளை அல்லது ஊதா. காய் உருண்டையாக, முள்ளும் முடிச்சுமாக இருக்கும். ஆபத்து இளம் செடியில்தான். இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். ஊமத்தையில் குமட்டும் வாடை வரும். சந்தேகம் என்றால் அந்தப் பிடியையே எறிந்துவிடுங்கள். முற்றிய காய் வெடித்தால் தட்டையான விதைகள் ஏராளமாகக் கொட்டும். பார்வைக்கு மிளகாய் விதை போலிருப்பதால் பிள்ளைகள் அதை வைத்துச் சோறு கறி சமைத்து விளையாடுவார்கள்.

அவித்தால் நஞ்சு போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். போகாது. 1676இல் அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் இந்த இனச் செடியின் இலையை அவித்துத் தின்ற ஆங்கிலேயப் படையினர் 11 நாட்கள் புத்தி பேதலித்துத் திரிந்ததாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

நம் ஊர்களில் கவலை இதுதான். ஊமத்தை உண்டவருக்கு ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே வாய் வறளும், முகம் சிவந்து உடம்பு சுடும், கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும். பிறகு பிதற்றுவார், இல்லாததைக் கையால் பிடிக்கப் போவார். பிள்ளையென்றால் ஜின் என்கிறோம். பெண்ணென்றால், யுத்தத்தில் பட்ட பயம் திரும்பிவிட்டது என்கிறோம். ஓதிப் பார்ப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. ஓதுவதை யாரும் தடுக்கவில்லை. வண்டியில் ஏற்றிவிட்டு வழியிலும் ஓதலாம். இதுவரை நன்றாக இருந்தவர் திடீரெனப் பிதற்றினால், "என்ன தின்றாய்?" என்று முதலில் கேளுங்கள்.

வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், பால் புகட்டவும் வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. மீதமிருக்கும் இலையையோ காயையோ பையில் போட்டுக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இழுப்புக்கு மருந்து என்று பெரியவர்கள் வேலியோரத்தில் விட்டுவைத்த செடி பல வீடுகளில் இன்னும் நிற்கிறது. காய் முற்றுமுன் வேரோடு பிடுங்குங்கள். பிடுங்கிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். சாறு பட்டாலே பார்வை மங்கும்.