குனிந்து பார்த்து வாங்கு



போன மாதம் என் அக்கா மகன் ஒரு கார் வாங்கப் போவதாகச் சொன்னான். நாலு பேர் உட்காரும் கார் இல்லை. ரெண்டே சீட்டு, கூரையைத் திறந்துவிடலாம், சிவப்பு நிறம். சான் ஸ்டார்ம் என்று பெயர். தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் சான் மோட்டார்ஸ் கொண்டுவந்தது. நம் நாட்டிலேயே செய்து விற்ற ஸ்போர்ட்ஸ் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று. அவன் பார்த்து வைத்திருந்தது 2000-ம் வருஷத்து வண்டி. மீட்டரில் 1,40,000 கிலோமீட்டர். கேட்ட விலை நாலரை லட்சம்.

பணத்துக்கு வழி? அவன் அப்பா விட்டுப்போன ஃபைபர் படகில் தன் பங்கை அண்ணனுக்கே எழுதிக்கொடுத்துவிட்டு வாங்குவதாகத் திட்டம். அந்தப் பங்கில் வருகிற காசில்தான் என் அக்காவின் மாதச் செலவு ஓடுகிறது. பையனுக்குத் துறைமுக யார்டில் வேலை, சம்பளம் வருகிறது. ஆனால் அம்மாவுக்கு என்று தனியாக வருவது அந்தப் படகுப் பங்கு மட்டும்தான்.

வீட்டில் ரெண்டு கட்சி ஆகிவிட்டது. ஒரு கட்சி, "வயசுல அனுபவிக்காம எப்ப அனுபவிக்கிறது, வாங்கட்டும்" என்றது. இன்னொரு கட்சி, "வலை இழுக்குற வீட்டுப் புள்ளைக்கு ரேஸ் காரு என்னாத்துக்கு?" என்றது. அரசு பஸ் டிப்போவில் 31 வருஷம் மெக்கானிக்காக இருந்தவன் என்பதால் தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். ரெண்டு கட்சியுமே தப்பு என்றேன். அன்றைக்கு யாருக்கும் அது பிடிக்கவில்லை. ஏன் தப்பு என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ரெண்டாவது கட்சி. நமக்கெதுக்கு இந்தப் பவுசு என்பவர்களுக்குச் சோழவரத்தை மறந்துபோய்விட்டதா? ரெண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் வருஷா வருஷம் ரேஸ் நடத்தியது. பிற்பாடுதான் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனார்கள். கோயம்புத்தூர் கரிவர்தன் அங்கே ஓட்டினார். விஜய் மல்லையா, ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குச் செய்த என்சைன் காரைக் கொண்டுவந்து ஓட்டியதும் அங்கேதான். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து வேறு பஸ், மிச்ச தூரம் நடை என்று நம் பையன்கள் எத்தனை பேர் போனோம்? கையில் கட்டுச்சோறு, தலையில் துண்டு. அந்த எண்ணெய்ப் புகை வாசனைதான் என்னை மெக்கானிக் வேலைக்கே இழுத்தது. டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்கலாம், ஆனால் வாங்க ஆசைப்படக் கூடாதா? குப்பத்துப் பிள்ளை இன்னதுக்குத்தான் ஆசைப்படலாம் என்று வெளியார் சொன்னால் சண்டைக்குப் போகிறோம். அதையே நாம் நம் வீட்டில் சொல்லலாமா?

இனி முதல் கட்சி. ஆசைக்கு விலை கிடையாது என்றார்கள். நன்றாக உண்டு. விற்கிறவர் சொல்வது அன்றைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போவதற்கான விலை. அதற்கு அப்புறம் கொடுக்கிற விலையை யாரும் சொல்வதில்லை.

அது எவ்வளவு என்று பார்ப்போம். சொந்தக் காருக்கு 15 வருஷம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை. 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. இவ்வளவு பழைய வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் சுலபத்தில் கிடைக்காது. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2000-ல் போட்ட ரப்பர் ஹோஸும் வாஷரும் அதற்காகச் செய்ததல்ல. ஒவ்வொன்றாகக் கசிய ஆரம்பிக்கும்.

எஞ்சின் ரெனோ கம்பெனியுடையது, 1,149 சி.சி., சுமார் 60 குதிரைசக்தி. இன்றைய சாதாரண ஸ்விஃப்ட்டுக்கே அதைவிட அதிகம். அதாவது ஸ்போர்ட்ஸ் என்பது கூரையில்தான் இருக்கிறது, காலடியில் இல்லை. சரி, அழகுக்காகவே வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த எஞ்சின் நம் ஊரில் பரவலாக ஓடியதில்லை. மாருதிக்குப் பொன்னேரியிலேயே ஸ்பேர் கிடைக்கும். இதற்கு ஒரு கேஸ்கெட் வேண்டுமென்றால் தேடித்தான் வரவழைக்க வேண்டும். அது வரும்வரை வண்டி உப்புக்காத்தில் நிற்கும். ஓடினால் ஆகிற தேய்மானத்தைவிட நின்றால் ஆகிற கேடு அதிகம் என்பது டிப்போவில் புதுப் பையனுக்கும் தெரியும்.

மீட்டரைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒழுங்காக எண்ணெய் மாற்றி ரெண்டு லட்சம் ஓடிய எஞ்சின், அம்பதாயிரம் ஓடிவிட்டுப் பத்து வருஷம் ஷெட்டில் கிடந்த எஞ்சினைவிட மேல். மீட்டர் எண்ணை யார் வேண்டுமானாலும் திருப்பலாம். பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங் வளையமும் டிரைவர் சீட்டின் ஓரமும் பொய் சொல்லாது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள், பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லி முடித்தபோது பையன் கேட்டான். "மாமா, வண்டியைப் பார்க்காமலே இவ்ளோ பேசுறீங்களே?" நியாயமான கேள்வி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் போனோம்.

கடற்கரையை ஒட்டிய வீடு. விற்கிறவர் மரியாதையான மனிதர், காப்பி எல்லாம் கொடுத்தார். வண்டியோ பளபள என்று இருந்தது. பாடி முழுக்க ஃபைபர், நம் படகு மாதிரியே. அது துருப்பிடிக்காது, பாலீஷ் போட்டால் புதுசாகிவிடும். பையன் கண்ணில் வேறொன்றும் தெரியவில்லை.

நம் ஊரில் பழைய ஃபைபர் படகு வாங்குகிறவன் பெயிண்டைப் பார்த்தா வாங்குகிறான்? கவிழ்த்துப் போட்டு அடியைத் தடவுவான், விரல் முட்டியால் தட்டிச் சத்தம் கேட்பான், எஞ்சின் மாட்டுகிற பின்பலகையை அசைத்துப் பார்ப்பான். அவன் தாத்தா கட்டுமரம் வாங்கியதும் இப்படித்தான். படகுக்கு உள்ள புத்தி காருக்கு ஏன் வருவதில்லை?

"சார், அடியிலே ஸ்க்ரூடிரைவர் வச்சுத் தட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். "தாராளமா" என்றார். கோணியை விரித்துப் படுத்தேன். மேலே ஃபைபர், கீழே இரும்புச் சட்டம். முன்பக்கம் டங் டங் என்றது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தட்டினேன், சத்தமே இல்லை. கொஞ்சம் அழுத்தினேன். ஸ்க்ரூடிரைவர் அரை அங்குலம் உள்ளே போய்விட்டது. செதில் செதிலாக என் நெஞ்சில் விழுந்தது. செய்த கம்பெனியைக் குறை சொல்லவில்லை, விற்கிறவரையும் சொல்லவில்லை. அவர் அடியைப் பார்த்ததே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கடல் ஓரத்தில் 25 வருஷம் இருந்தால் எந்த இரும்புக்கும் இதுதான் கதி. நம் வீட்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள்.

பையனையும் படுக்கச் சொன்னேன். அவன் கையாலேயே குத்திப் பார்த்தான். எழுந்தவன் ஒன்றும் பேசவில்லை.

ஒரு உண்மையையும் எழுதிவிடுகிறேன். கிளம்பும் முன், "ஒக்காந்து பாருங்க சார்" என்று அவர் சொன்னார். உட்கார்ந்தேன். கூரை திறந்திருந்தது. முழங்கால் ரெண்டும் டேஷ்போர்டை இடித்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்த அந்த நிமிஷத்தில் என் பிராவிடண்ட் ஃபண்டில் மிச்சம் எவ்வளவு என்று மனசு கணக்குப் போட்டது. 66 வயசில் எனக்கே இப்படி என்றால் 27 வயசுப் பையனை என்ன சொல்ல?

ஆகவே என் கட்சி இது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம், மூணு விஷயம் சரியாக இருந்தால். அடிச்சட்டம் கெட்டியாக இருக்க வேண்டும். பேப்பர் உயிரோடு இருக்க வேண்டும். விலையில் பாதியாவது ரிப்பேருக்கு என்று கையில் தனியாக இருக்க வேண்டும். மூணில் ஒன்று குறைந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். சோறு போடுகிற பொருளை விற்று மட்டும் வாங்கவே கூடாது. படகுப் பங்கு காலையில் போய்ச் சாயங்காலம் காசு கொண்டுவரும். கார் காலையில் போய்ச் சாயங்காலம் பில் கொண்டுவரும்.

திரும்பி வரும்போது பொன்னேரி வரை பையன் வாய் திறக்கவில்லை. அப்புறம் கேட்டான். "அடி நல்லா இருக்குற வண்டி வேற எங்கயாவது இருக்குமா மாமா?"

"இருக்கும் மாப்ள. பங்கை விக்காம, சம்பளத்துல சேர்த்துட்டுச் சொல்லு. ஸ்க்ரூடிரைவரோட வரேன்."

இப்போது பேச்சு கொஞ்சம் குறைவுதான். பரவாயில்லை. அக்கா வீட்டுப் படகில் அவன் பங்கு அப்படியே இருக்கிறது.

என் வயசுக்காரர்களுக்குக் கடைசியாக ஒன்று. பிள்ளைகள் எதையாவது வாங்கப் போகிறேன் என்றால் திண்ணையில் இருந்தபடி வேண்டாம் என்று சொல்வது சுலபம். செல்லம் கொடுத்து வாங்கிக்கோ என்பது அதைவிடச் சுலபம். கூடவே போய், கோணியை விரித்துப் படுத்துப் பார்ப்பதுதான் கஷ்டம். எனக்கு இன்னும் இடுப்பு வலிக்கிறது. ஆனாலும் போங்கள்.