கை தட்டணும், பந்து தட்டக் கூடாது

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. ஆய்வறிக்கை ஒரு பக்கம், பகுதிநேர வேலை ஒரு பக்கம்னு பொழப்பு ஓடிப் போச்சு. இன்னைக்கு மறுபடியும் டைனோசர். "ஆரம்பிச்சுட்டான்யா"ன்னு எழுந்து போறவங்க ஒரு அஞ்சு நிமிஷம் உட்காருங்க. முடிக்கும்போது நட்பைப் பத்தி ஒரு விஷயம் சொல்லப் போறேன். அதுக்கு இந்த மிருகம் தேவைப்படுது.

லண்டனுக்கு வந்த புதுசுல ஞாயித்துக்கிழமை ஆனா எங்க போறதுன்னு தெரியாது. எங்க போனாலும் பவுண்டைப் பிடுங்குவான். காசு கேட்காம உள்ளே விட்ட இடம் தெற்கு கென்சிங்டன்ல இருக்கிற இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். சின்ன வயசுல ஜுராசிக் பார்க் பார்த்துட்டு கணக்கு நோட்டு பூரா டைனோசரா வரைஞ்சு வாத்தியார்கிட்ட குட்டு வாங்கினவன் நான். விடுவேனா? நோட்டும் பென்சிலும் எடுத்துட்டுப் போய் உட்கார்ந்துட்டேன்.

அங்கே என்னை மாதிரியே வரைய வர்ற ஒரு சின்னக் கூட்டம் சிநேகமாச்சு. கால்நடை மருத்துவம் படிக்கிற ஒரு போலந்துப் பொண்ணு, அம்மாவோட வர்ற பத்து வயசுப் பொடியன், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருத்தர், இன்னும் ரெண்டு மூணு பேர். தபால்காரருக்கு எழுபது வயசு இருக்கும். நாப்பது வருஷமா டைனோசர் மட்டுமே வரையறார். மனுஷ முகம் வரையச் சொன்னா வராதாம் :-)

மூணாவது வாரம், பாரியோனிக்ஸ் எலும்புக்கூட்டைப் பார்த்து ஒரு முழுப் படம் போட்டேன். அது ஒரு சுவாரசியமான பிராணி. 1983ல சர்ரே பக்கம் ஒரு களிமண் குழியில வில்லியம் வாக்கர்னு ஒரு பிளம்பர் கண்டுபிடிச்சது. மொதல்ல அவர் கையில கிடைச்சது ஒரு அடி நீளத்துக்கு ஒரு நகம். அதனாலேயே 'கனத்த நகம்'னு அர்த்தம் வர்ற பேரை வெச்சாங்க. பேரோட கூட வாக்கர் பேரும் ஒட்டிக்கிச்சு. நான் தோலு, பல்லு, நிழலு எல்லாம் பார்த்துப் பார்த்து மூணு மணி நேரம் போட்டேன். பெருமையா தபால்காரர்கிட்ட நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு ஒரே வார்த்தை: "ரெண்டு மணிக்கட்டும் ஒடிஞ்சிருக்கே!"

விஷயம் என்னன்னா, இந்த ரெண்டு கால் டைனோசர்களோட உள்ளங்கை தரையைப் பார்க்காது. ஒண்ணையொண்ணு பார்த்துதான் இருக்கும். மணிக்கட்டு எலும்பு அதுக்கு மேல திரும்ப விடாது. அவர் எழுந்து நின்னு கையால செஞ்சே காட்டினார். டைனோசர் கை தட்டலாம், பந்து தட்ட முடியாது. நான் வரைஞ்சது கூடைப்பந்து ஆடிட்டு இருந்துச்சு. பொடியன் விழுந்து விழுந்து சிரிச்சான்.

உண்மையைச் சொல்றேன், எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. ஊர்ல யார்கிட்ட காட்டினாலும் "சூப்பர்டா, கலக்கிட்ட"ன்னுதான் கேட்டு வளர்ந்த காது இது. ரெண்டு வாரம் அந்தப் பக்கமே போகல.

அந்த ரெண்டு வாரத்துல ஒரு நாள் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவுக்குத் தனியா போனேன். 1854ல பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் செஞ்ச டைனோசர் சிலைகள் அங்கே இருக்கு. உலகத்துல முதன்முதலா முழு அளவுல டைனோசரைச் செஞ்சு வெச்சது அங்கேதான். இகுவானோடான் சிலையோட அச்சுக்குள்ளேயே 1853 டிசம்பர் 31ஆம் தேதி ராத்திரி மேஜை போட்டு விருந்து சாப்பிட்டிருக்காங்க. அவ்வளவு பெருமை. ஆனா சிலையைப் பார்த்தா மூக்கு மேல ஒரு கொம்பு! காண்டாமிருகம் மாதிரி. கிடைச்ச கூரான எலும்பு ஒண்ணை எங்கே பொருத்துறதுன்னு தெரியாம கிடியன் மாண்டெல் மூக்குல வெச்சார், ஹாக்கின்ஸும் அப்படியே செஞ்சார். 1878ல பெல்ஜியத்துல பெர்னிஸார் நிலக்கரிச் சுரங்கத்துல கும்பலா முழு எலும்புக்கூடுகள் கிடைச்ச பிறகுதான் தெரிஞ்சுது, அது கொம்பே இல்லை, கட்டை விரல்னு.

அந்தக் குளத்தோரம் நின்னு யோசிச்சேன். எவ்வளவு பெரிய ஆளுங்க, மூக்குல போய் கட்டை விரலை வெச்சிருக்காங்க. நான் என்ன, மணிக்கட்டைத்தானே ஒடிச்சேன் :-)

சிரிப்பை விடுங்க. டைனோசர் வரையறவங்க தலையெழுத்தே இதுதான். எவ்வளவு கவனமா வரைஞ்சாலும் என்னைக்காவது தப்பாகும். ஜுராசிக் பார்க் வந்தது 1993ல. மூணே வருஷத்துல, 1996ல, சீனாவுல இறகுத் தடத்தோட சைனோசாரோப்டெரிக்ஸ் வெளியே வந்துச்சு. 2010ல அதோட வால்ல செம்பழுப்பும் வெள்ளையுமா பட்டை இருந்ததுன்னு நிறம் வரைக்கும் சொல்லிட்டாங்க. படத்துல ஆளுயரத்துக்கு வந்து பயமுறுத்தின வெலாசிராப்டர் உண்மையில வான்கோழி அளவுதான். அதோட முன்னங்கை எலும்புல இறகு பொருந்தின முடிச்சுகள் இருக்குன்னு 2007ல காட்டினாங்க. டைரனோசாரஸுக்கு உதடு இருந்து பல்லை மூடியிருக்கும்னு 2023ல ஓர் ஆய்வு சொல்லுது. பல்லு வெளியே துருத்திட்டு நிக்கிற மாதிரி நாம வரைஞ்சு தள்ளின படத்தை எல்லாம் என்ன பண்றது?

ஆக, இந்தக் கலையில 'சரியான படம்'னு ஒண்ணு கிடையவே கிடையாது. இருக்கிறதெல்லாம் போன தடவையை விடக் கொஞ்சம் கம்மியா தப்பான படம். அந்தக் 'கொஞ்சம் கம்மி' எங்கிருந்து வருது? ஒண்ணு, புது எலும்பு கிடைக்கணும். இல்லைன்னா பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவன் வாயைத் திறக்கணும்.

இந்தக் கலையோட ஆரம்பமே ஒரு நட்புலதான் இருக்குங்கிறது பலருக்குத் தெரியாது. லைம் ரீஜிஸ்னு தெற்கே ஒரு கடற்கரை ஊர். அங்கே 1799ல ஒரு தச்சர் வீட்டுல பொறந்தவங்க மேரி ஆனிங். சரிஞ்சு விழுற பாறைச்சரிவுல உயிரைப் பணயம் வெச்சு எலும்பு தேடி வித்துப் பொழைச்சவங்க. இக்தியோசர், 1823ல முழு பிளீசியோசர்னு கிடைச்சதெல்லாம் பெரிய பெரிய பொருள். (ரெண்டும் கடல்வாழ் ஊர்வன, டைனோசர் இல்லை. இதைச் சொல்லலைன்னா பொடியன் என்னைச் சும்மா விடமாட்டான்.) அந்த பிளீசியோசரைப் பத்தி 1824ல லண்டன் புவியியல் சங்கத்துல பேசினப்போ அவங்க பேரையே யாரும் எடுக்கல. பெண்களை அந்தச் சங்கத்துல உறுப்பினரா சேர்த்துக்கிட்டதே 1919லதான்.

அவங்களுக்குப் பணமுடை வந்தப்போ, சின்ன வயசுல இருந்து நண்பரான ஹென்றி டி லா பீச் 1830ல ஒரு நீர்வண்ணப் படம் போட்டார். மேரி தோண்டியெடுத்த பிராணிகள் எல்லாம் உயிரோட ஒரே கடல்ல. நடுவுல இக்தியோசர் பிளீசியோசரோட கழுத்தைக் கடிக்குது, அது பயத்துல 'ரெண்டுக்கு' போகுது. சும்மா வேடிக்கைக்கு வரைஞ்சதில்லை. கல்லாகிப் போன சாணத்தைப் பத்தி அப்போதான் ஆராய்ச்சி நடந்துட்டிருந்தது, அதுலயும் மேரிக்குப் பங்கு உண்டு. அந்தப் படத்தை அச்சுப் போட்டு வித்து வந்த காசை மேரிகிட்டயே குடுத்துட்டார். டி லா பீச் ஒண்ணும் மகாத்மா கிடையாது. ஜமைக்காவுல அடிமைகளை வெச்சு நடந்த கரும்புத் தோட்டத்து வருமானத்துல வாழ்ந்தவர். அதையும் சேர்த்தே சொல்லணும். ஆனாலும் அழிஞ்சு போன ஓர் உலகத்தை எலும்பை வெச்சுப் படமா மீட்ட முதல் முயற்சிகள்ல ஒண்ணு, ஒரு சிநேகிதிக்காகப் போட்டது. அது எனக்குப் பிடிச்சிருக்கு.

இப்போ நம்ம ஊருக்கு வரேன். நான் அரியலூர்க்காரன். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுற ஊரு. கடல் இல்லாத ஊர்ல தரையெல்லாம் கல்லான சிப்பி. நானும் என் பள்ளிக்கூடத் தோழனும் டவுசர் பை கிழியுற அளவுக்குப் பொறுக்குவோம். பக்கத்துல கல்லமேடுங்கிற இடத்துல கிடைச்ச பிரம்மாண்டமான எலும்புகளை வெச்சு 1987ல யாதகிரி, அய்யாசாமின்னு ரெண்டு இந்தியப் புவியியல் அறிஞர்கள் 'ப்ருஹத்காயோசாரஸ்'னு பேர் வெச்சாங்க. பெருத்த உடம்புக்காரன்னு அர்த்தம். முன்னங்கால் எலும்பு தொடங்கி சிலது கிடைச்சதுல, பின்னங்காலோட கீழெலும்பு மட்டும் ரெண்டு மீட்டர்! ஏறக்குறைய ஏழு கோடி வருஷத்துக்கு முந்தினது. ஆனா எலும்பெல்லாம் பொடிஞ்சு போச்சு. இன்னைக்குத் தொட்டுப் பார்க்க ஒண்ணுமில்லை.

மிச்சம் இருந்தது கோட்டுப் படங்கள்தான். அதுவும் தெளிவா இல்லை. மொதல்ல மாமிசம் தின்னி ரகம்னு எழுதினாங்க, பின்னாடி இலைதழை தின்னி வகைன்னு மாத்தினாங்க. அது எலும்பே இல்லை, கல்லான மரம்னு கூட சந்தேகப்பட்டாங்க. குத்தம் சொல்ல முடியாதுங்க, சாத்தனூர்ல ஒரு முழு மரமே கல்லாகிக் கிடக்குதே! 2022ல அந்தக் காலத்துப் புகைப்படங்களை வெளியிட்ட பிறகுதான் பேச்சு கொஞ்சம் மாறுச்சு. எலும்பு போன பிறகு படம்தான் சாட்சி. படம் தப்பா இருந்தா, சொல்ல ஆளில்லாமப் போனா, மிருகமே இல்லைன்னு ஆயிடும்.

இதெல்லாம் எழுதுற எனக்கு ஒரு உறுத்தல் இருக்கு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

2020 அக்டோபர்ல பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் கிடைச்ச உருண்டைக் கல்லை எல்லாம் டைனோசர் முட்டைன்னு ஊரே பேசுச்சு, ஞாபகம் இருக்கா? புவியியல் ஆளுங்க பார்த்துட்டு முட்டை இல்லைன்னுட்டாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு என் தோழன் ஒரு ஓடையில இருந்து உருண்டையா ஒரு கல்லைத் தூக்கிட்டு வந்து போட்டோ அனுப்பினான். "மச்சி, முட்டைடா!" பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுது. ஓடு இல்லை, ஓட்டுல இருக்கவேண்டிய நுண்துளை இல்லை. மண்ணும் சுண்ணாம்பும் உருண்டு திரண்ட கட்டி. ஆனா அவன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்னு "சூப்பர் மச்சி, கலக்கிட்ட"ன்னு அனுப்பிட்டேன்.

அவன் அதை நம்பினான். அக்கம்பக்கம் காட்டினான். அவன் அப்பா அதை ஷோகேஸ்ல வெச்சார். கடைசியில விவரம் தெரிஞ்ச ஒருத்தர் நாலு பேர் முன்னாடி "இது வெறுங்கல்லு தம்பி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அன்னைக்கு ராத்திரி போன் பண்ணினான். திட்டல. "உனக்கு அப்பவே தெரியும்தானே? அப்புறம் ஏன்டா சொல்லல?"ன்னு மட்டும் கேட்டான். என்கிட்ட பதில் இல்லை. அதுக்கப்புறம் அவன் எதையும் எனக்கு அனுப்பினதில்லை.

தபால்காரர் என் மணிக்கட்டை ஒடிச்சப்போ எனக்கு வந்த கோபத்துக்கு அடியில இதுதான் கிடந்ததுன்னு இப்போ தோணுது. என்னைப் பார்த்து ரெண்டு மாசம் கூட ஆகாத மனுஷன் எனக்குச் செஞ்சதை, இருபது வருஷ சிநேகிதனுக்கு நான் செய்யல. நம்மாளுங்க தப்பைச் சொல்றதை அவமானம்னு நினைக்கிறோம், 'சூப்பர்'னு சொல்றதை அன்புன்னு நினைக்கிறோம். அது அன்பில்லீங்க, சோம்பேறித்தனம். மூணு மணி நேரம் போட்ட படத்தை அஞ்சு நிமிஷம் உத்துப் பார்க்க வலிச்சா வர்ற வார்த்தை அது. உத்துப் பார்த்து, மணிக்கட்டைப் பிடிச்சு, எழுந்து நின்னு கைதட்டிக் காட்டுறவன்தான் உங்க படத்தை மதிக்கிறவன். நாலு பேர் முன்னாடி சொல்றதா, தனியா கூப்பிட்டுச் சொல்றதாங்கிறது நாகரிகம். அதுல எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு. பொடியன் முன்னாடி சொல்லியிருக்க வேண்டாம் :-) ஆனா சொல்லாம விடுறது நட்புல சேராது.

மூணாவது வாரம் திரும்பிப் போனேன். புதுப் படம், நம்ம கல்லமேட்டுப் பெருத்த உடம்புக்காரன், காலடியில புல்லு. தபால்காரர் பார்த்தார். "டைனோசர் காலத்துல புல் போடக் கூடாதுப்பா"ன்னார். இந்தத் தடவை நான் ரெடி. மகாராஷ்டிராவுல பிஸ்துராங்கிற ஊர்ல கிடைச்ச கல்லான டைனோசர் சாணத்துல புல்லோட நுண்துகள் இருக்குன்னு 2005லயே நம்மாளுங்க ஆராய்ச்சி பண்ணிக் காட்டியிருக்காங்கன்னு சொன்னேன். மனுஷன் முகம் அப்படியே மலர்ந்து போச்சு. நாப்பது வருஷமா புல்லைத் தவிர்த்தவர், அடுத்த வாரம் ஒரு கொத்துப் புல்லோட வந்தார்!

அதே படத்தை ஊருக்கும் அனுப்பினேன். மன்னிப்பெல்லாம் கேட்டு எழுதி எழுதி அழிச்சுட்டு, கடைசியில ஒரு வரிதான் அனுப்பினேன்: "மச்சி, அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும். இப்ப நீ இதுல தப்புக் கண்டுபிடி." நாலு நாள் பதில் இல்லை. அஞ்சாவது நாள் வந்துச்சு.

"நம்மூரு மண்ணு இந்தக் கலராடா இருக்கும்? கண்ணு தெரியலையா?"

ஏழு கோடி வருஷத்துக்கு முன்னாடி மண்ணு இதே கலர்ல இருந்திருக்கணும்னு அவசியம் இல்லைடான்னு நான் சொல்ல, அதெப்படின்னு அவன் கேட்க, ரெண்டு மணி நேரம் சண்டை. இன்னும் முடியல.

இந்த வாரம் மண்ணை மாத்தி வரையலாம்னு இருக்கேன். மணிக்கட்டுப் பிரச்சினை இல்லை, இது நாலு கால்ல நடக்கிறது :-)