பந்தயத் திடலில் எதற்கு லைசென்ஸ்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இலண்டனிலிருந்து தொலைபேசி அழைப்பொன்று வந்தது. அழைத்தவர் என்னுடன் ஒரே மேசையில் இருபது ஆண்டுகள் பணியாற்றிய நண்பரின் மகன். வயது இருபத்தாறு. படிக்கச் சென்று அங்கேயே தங்கி நான்கு ஆண்டுகளாகிவிட்டன. நலம் விசாரித்து முடிந்ததும் விடயத்துக்கு வந்தான். நண்பர்களுடன் சேர்ந்து 'ட்ராக் டே' ஒன்றுக்குப் போகவிருக்கிறானாம். பந்தயத் திடலொன்றை ஒருநாள் வாடகைக்கு எடுத்துக் கட்டணம் செலுத்தும் பொதுமக்களைத் தத்தம் மோட்டார் சைக்கிள்களில் விரும்பிய வேகத்தில் ஓட அனுமதிக்கும் ஏற்பாடு அது. வண்டியும் வாடகைக்குக் கிடைக்கும். ஒரேயொரு தடங்கல்தான். ஏற்பாட்டாளர் சாரதி அனுமதிப்பத்திரம் கேட்கிறார். வெளிநாட்டுப் பத்திரமென்றாலும் ஏற்றுக்கொள்வாராம். ஆனால் பெரிய மோட்டார் சைக்கிளுக்குரிய பிரிவு அதில் இருக்கவேண்டுமாம். இவனிடம் இருப்பதோ நூறு சி.சி. வரையான வண்டிக்குரிய நமது 'ஏ1'.

"அங்கிள், நீங்கள் பேப்பர்க்காரர். கொழும்பிலை உங்களுக்கு ஆக்களைத் தெரியும். ஒருத்தரைப் பிடிச்சு அந்த 'ஏ' பிரிவையும் போட்டுத் தாங்கோ. காசு பிரச்சினை இல்லை."

முடியாது என்றேன். அவன் விடவில்லை. "அது ரோட்டில்லை அங்கிள். ட்ராக். பொலிஸுக்கே அங்கை வேலையில்லை. பிறகேன் லைசென்ஸ்?"

இந்தக் கேள்வியை ஒரு பையனின் அடம் என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. மோட்டார் சைக்கிள் பிரியர்கள் பலர் இதே கேள்வியை எழுப்புகின்றனர். இது கடதாசிக் கெடுபிடி என்றும், திடல்காரர்களின் பயங்கொள்ளித்தனம் என்றும் ஏளனம் செய்கின்றனர். நான் வாழ்நாளில் ஓட்டியது ஹொண்டா எம்.டி. 90 ஒன்று மாத்திரமே. அதையும் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் இருமலோடு ஓட்டியவன். வேகத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று அவர்கள் கேட்கலாம். நான் பேசப்போவது வேகத்தைப் பற்றியல்ல, கடதாசியைப் பற்றி. அதில் எனக்கு நாற்பதாண்டு அனுபவம் உண்டு.

பையன் சொன்னதில் பாதி உண்மை. பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம் 'வீதி' என்பதற்குத் தரும் வரைவிலக்கணத்தின் உயிர்நாடி பொதுமக்கள் புழங்கும் பாதை என்பதே. வேலியடைத்து வாயிற்கதவு பூட்டிய தனியார் திடல் அதற்குள் வராது. அங்கே ஓடுவதற்கு அரசின் அனுமதிப்பத்திரம் வேண்டுமென்று சட்டம் கேட்கவில்லை. இன்னும் சொல்வதானால், ஸ்பெயின் தேசத்து மார்க் மார்க்கேஸ் 2008இல் 125 சி.சி. உலக வாகையர் போட்டியில் களமிறங்கியபோது அவருக்கு வயது பதினைந்து. அவர் ஓட்டிய 125 சி.சி. கொள்ளளவில் ஒரு வண்டியைத் தமது ஊர் வீதியில் ஓட்டுவதற்கு அப்போது அவருக்கு வயது காணாது.

ஆனால் மறுபாதியைப் பையன் மறந்துவிட்டான். மார்க்கேஸிடம் வீதி அனுமதிப்பத்திரம் இல்லாதிருந்திருக்கலாம், பந்தய அனுமதிப்பத்திரம் இருந்தது. பிரித்தானியாவில் ஏ.சி.யூ. என்னும் மோட்டார் சைக்கிள் சம்மேளனம் அத்தகைய பத்திரத்தை வழங்குகிறது. திடற்பந்தயத்துக்குப் புதிதாக வருபவர் பயிற்சி வகுப்பொன்றில் அமர்ந்து, கொடிகளின் பொருளைக் கற்று, திடலில் ஓடிக் காட்டிய பின்னரே அதைப் பெறமுடியும். ஆகவே வீதியில் ஓடுபவனை அரசு சோதிக்கிறது, பந்தயத்தில் ஓடுபவனைச் சம்மேளனம் சோதிக்கிறது. 'ட்ராக் டே' இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள சூனியப் பிரதேசம். அங்கே வெற்றி தோல்வி இல்லை, நேரக்கணிப்பு இல்லை, பரிசு இல்லை. எனவே அது பந்தயமும் அல்ல, வீதியும் அல்ல. காலையில் அரைமணி நேர விளக்கவுரை, தோலாடைக்கும் தலைக்கவசத்துக்கும் ஒரு பார்வை, வேகத்தின்படி மூன்று குழுக்களாகப் பிரித்தல், அதன்பின் திடல் திறக்கப்படுகிறது. வந்தவன் பிரேக் பிடிக்கத் தெரிந்தவனா என்பதை அறிய ஏற்பாட்டாளரின் கையில் இருப்பது எங்கோ ஒரு பரீட்சகர் ஒருநாள் கையெழுத்திட்ட அந்த அட்டை ஒன்றுதான். அதையும் கேட்கக்கூடாது என்பவர்கள், வேறெதைக் கேட்பது என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

"விழுந்தால் நான்தானே விழுவேன்" என்பது அடுத்த வாதம். ஒரே வளைவுக்குள் ஒரே வேளையில் பத்து வண்டிகள் நுழையும் இடத்தில் எவனும் தனியே விழுவதில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று ஓடுபாதையை விட்டு விலகியபோது ஏழு பேர் மாண்டனர். அவர்களில் எவரும் அந்தக் காரின் சாரதி அல்லர். பார்வையாளர்களும் ஓடுபாதைப் பணியாளர்களுமே. எட்டு வயதுச் சிறுமியும் அவர்களில் ஒருத்தி. அந்தச் செய்தி வந்த மாலையை நான் மறக்கவில்லை.

"நாங்கள் பொறுப்பேற்பதாகக் கையெழுத்து வைக்கிறோமே!" என்பார்கள். வைக்கிறார்கள்தான். ஆயினும் பிரித்தானியாவின் 1977ஆம் ஆண்டு நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டமும், நுகர்வோரைப் பொறுத்தவரை அதன் இடத்துக்கு வந்த 2015ஆம் ஆண்டுச் சட்டமும், கவனக்குறைவால் விளையும் மரணத்துக்கோ காயத்துக்கோ உரிய பொறுப்பை எந்தக் கையெழுத்தாலும் கழற்றிவிட முடியாது என்கின்றன. தகுதியற்றவன் ஒருவனைத் திடலுக்குள் விட்டு, அவன் மற்றொருவனை இடித்து வீழ்த்தினால், "அவன் கையெழுத்து வைத்தான்" என்று ஏற்பாட்டாளர் தப்பமுடியாது.

காப்புறுதி எந்த அளவுக்கு இந்த உலகை ஆட்டிவைக்கிறது என்பதற்கு ஒரு கதை உண்டு. 2007ஆம் ஆண்டு ஸ்லொவேனிய நாட்டுப் பண்ணையொன்றில் வைக்கோல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னோக்கி வந்த உழவு இயந்திரத்தின் பெட்டி ஏணியில் இடித்தது, ஏணியில் நின்றவர் விழுந்தார். வ்னுக் வழக்கு என்று பெயர் பெற்ற அவ்வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்றது. வாகனம் தனியார் காணியில் பயன்பட்டாலும் கட்டாயக் காப்புறுதி அதற்கும் உரியதே என்ற கருத்துப்பட 2014 செப்டெம்பர் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. வைக்கோற் பட்டடையில் விழுந்த தீர்ப்பு, பந்தயத் திடல்களில் இடியாய் இறங்கியது. ஒவ்வொரு பந்தய வண்டிக்கும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி வேண்டுமென்றால் எந்தக் கம்பனி அதை எழுதும்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட அந்த முடிச்சை அவிழ்க்க ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2021ஆம் ஆண்டுப் பணிப்புரை தேவைப்பட்டது. ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்ட பிரித்தானியாவுக்கு 2022இல் தனிச் சட்டமொன்று தேவைப்பட்டது. இத்தனை பாடுபட்டு மூச்சுவிடும் ஓர் உலகத்தில் ஏற்பாட்டாளர் ஓர் அட்டையைக் கேட்பது பயங்கொள்ளித்தனம் என்றால், அந்தப் பயம் வாழ்க.

ஜேர்மனியில் கதை தலைகீழ். 1927இல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங் திடலின் வடசுற்று இருபது கிலோமீற்றருக்கும் அதிகமான நீளம் கொண்டது, காட்டுக்குள் வளைந்து நெளிந்து ஓடுவது. 1976 ஓகஸ்ட் முதலாம் திகதி நிக்கி லவுடா தீக்காயங்களோடு உயிர்தப்பியது அங்கேதான். அதன்பின் ஃபோர்முலா வன் அந்த வடசுற்றுக்குத் திரும்பவில்லை. பொதுமக்களுக்குத் திறக்கும் நாட்களில் அது திடலே அல்ல; சுங்கம் செலுத்தி நுழையும் ஒருவழிப் பாதை. வீதிச் சட்டம் முழுமையாகச் செல்லும். செல்லுபடியான அனுமதிப்பத்திரம், பதிவு செய்த வாகனம், காப்புறுதி யாவும் வேண்டும். வலப்புறத்தால் முந்தக்கூடாது. விழுந்து பாதுகாப்பு வேலியை நெளித்தால் அதற்கும் பட்டியல் வரும். "இது வீதியில்லை" என்ற வாதம் அங்கே செல்லாக்காசு.

ஆனால் அந்தப் பாதையில் ஓடிய மோட்டார் சைக்கிள்காரர் எவருக்கும் அனுமதிப்பத்திரம் கட்டாயமாகவே இருந்தது. இருந்தும், 2025ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து அந்தப் பொதுச் சுற்று மோட்டார் சைக்கிள்களுக்கு மூடப்பட்டுவிட்டது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒன்றாக ஓடுவது ஆபத்து என்று நிர்வாகம் முடிவு செய்தது. அட்டை இல்லாதவனை உள்ளே விடாதிருப்பது முதற்படி, அவ்வளவே. அட்டை உள்ளவனெல்லாம் ஓடத் தெரிந்தவன் என்று எவரும் கற்பனை செய்யவேண்டாம்.

இங்கேதான் நம் வீட்டு அழுக்கு வெளியே வருகிறது. இலங்கை 1957இல் இணைந்த 1949ஆம் ஆண்டு ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையில் சர்வதேச அனுமதிப்பத்திரத்தின் மாதிரிப் படிவம் உள்ளது. அதில் மோட்டார் சைக்கிளுக்கு 'ஏ' என்ற ஒரே பிரிவுதான். இயந்திரக் கொள்ளளவுக்கு அங்கே இடமே இல்லை. நானூறு கிலோவுக்கு மேற்படாத முச்சக்கர வண்டியும் அதே 'ஏ'தான். நமது சந்தி ஆட்டோவுக்கும் ஆயிரம் சி.சி. பந்தய வண்டிக்கும் ஒரே முத்திரை! 1949இல் அது பொருந்தியிருக்கலாம். 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை பின்னாளைய திருத்தத்தில் 125 சி.சி. வரையான வண்டிகளுக்கு 'ஏ1' என்று தனிப்பிரிவு வகுத்தது. நம் நாட்டு அட்டையிலும் 'ஏ1' உண்டு, ஆனால் அது நூறு சி.சி. எழுத்து ஒன்று, பொருள் வேறு. இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டு ஒரு திடல் வாயிலில் நிற்கும் எழுதுவினைஞர் எத்தனை பேர்? எழுத்தைப் பார்ப்பார், படத்தைப் பார்ப்பார், கையில் பட்டி கட்டிவிடுவார். ஏற்பாட்டாளர்களை நான் குறை கூறுவது இந்த இடத்தில்தான். அட்டை கேட்பது போதாது. அது எந்த வண்டிக்கு, எந்தச் சோதனைக்குப் பின் வழங்கப்பட்டது என்று கேளுங்கள்; ஐயமிருந்தால் பயிற்றுநர் ஒருவரின் பின்னால் இரண்டு சுற்று ஓடவிட்டுப் பாருங்கள்.

ஆனால் அட்டையையே காசுக்கு வாங்கினால் எந்த ஏற்பாட்டாளரால் என்ன செய்யமுடியும்? நான் நீதிமன்றச் செய்திகள் எழுதிய காலத்தில் ஒரு மரண விசாரணைக்குச் சென்றிருந்தேன். இறந்தவன் இருபத்தொரு வயது இளைஞன். மோட்டார் சைக்கிள் பஸ்ஸுடன் மோதியது. அனுமதிப்பத்திரம் கிடைத்து இரண்டு கிழமைகள் ஆகியிருக்கவில்லை. விசாரணை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் தகப்பன் என்னிடம் சொன்னார்: "தம்பி, அவன் சோதினைக்குப் போகவேயில்லை. நான்தான் தரகரிட்டைக் காசு குடுத்து எடுத்துக் குடுத்தனான்." பத்திரிகையில் போடவேண்டாம் என்று கைகூப்பினார். நான் போடவில்லை. போட்டிருக்கவேண்டும் என்று இன்றைக்கு நினைக்கிறேன். அந்தத் தரகர் அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் அதே தேநீர்க்கடையில் அமர்ந்து தொழில் செய்தார்.

ஆகவே, நண்பரின் மகன் என்னிடம் கேட்டது ஒரு சிறு உபகாரம் அல்ல. அவனுக்கு நேர்வழி இல்லாமலும் இல்லை. இலங்கைப் பத்திரத்தோடு அந்நாட்டு வீதியில் ஓடக்கூடிய பன்னிரண்டு மாத அவகாசம் அவனுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. அப்படியே மாற்றிக்கொடுக்கும் நாடுகளின் பட்டியலில் நாம் இல்லை. ஆனால் இருபத்துநான்கு வயதைத் தாண்டியவன் அடிப்படைப் பயிற்சி, எழுத்துப் பரீட்சை, இரு கட்டச் செய்முறைப் பரீட்சை ஆகியவற்றில் தேறினால் எந்தப் பெரிய வண்டிக்கும் அனுமதி பெறலாம். முதற்கட்டத்தில், வெறுந்திடலில், மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் வந்து அவசரமாக நிறுத்திக் காட்டவேண்டும். அதே வேகத்தில் தடையொன்றை விலத்திக் காட்டவேண்டும். திடலில் அவனுடைய உயிரையும் பக்கத்தில் ஓடுபவனின் உயிரையும் காக்கப்போவது இந்த இரண்டும்தான். இதையெல்லாம் அவனுக்கு விளக்கினேன். "அதுக்கு மாசக்கணக்காகும் அங்கிள்" என்றான்.

பயணக் காப்புறுதி பற்றியும் கேட்டேன். ஊருக்கு வந்துபோக எடுத்த காப்புறுதியே போதும் என்று நினைத்திருக்கிறான். ஓட்டும் வண்டிக்குரிய பிரிவில் அனுமதிப்பத்திரம் இல்லையென்றால் அத்தகைய காப்புறுதிகளில் பெரும்பாலானவை கைவிரித்துவிடும், திடலோட்டத்தை வெளிப்படையாகவே விலக்கிவைப்பவையும் பல என்றேன். பொய்யான பத்திரத்தைக் காட்டியவனுக்கு எது கிடைக்கும் என்பதை அவனே யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலை தகப்பன் அழைத்தார். அவரது குரலில் முன்பிருந்த நட்பு இல்லை. "என்னடாப்பா, ஒரு சின்ன உதவி. பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டவன். நீ செய்யாட்டில் நான் வேறை ஆளைப் பிடிக்கிறன்." அந்த மரண விசாரணையை நினைவூட்டினேன். அன்று செய்தியைச் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியவரே அவர்தான். சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்துவிட்டு வைத்துவிட்டார்.

அதன்பின் அவரும் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. 'ட்ராக் டே' வருகிற மாதம் இரண்டாம் சனிக்கிழமை.