ஆபீஸ் கம்ப்யூட்டரும் அதற்குள் இருப்பவர்களும்

 கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் நிறையப் பேர் இன்று தாலுகா ஆபீஸ், கருவூலம், மின்வாரியம், பள்ளிக்கூடம் என்று அரசுப் பணியில் இருக்கிறீர்கள். உங்கள் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் வந்தது 1973-இல். அன்று ஆபீஸில் இருந்தது டைப்ரைட்டர். யாராவது சொந்த மனுவை அதில் அடித்துக்கொண்டால் நஷ்டம் நாலு தாளும் கொஞ்சம் ரிப்பனும். தப்புதான், ஆனால் அதோடு போயிற்று. இன்றைக்கும் ஆபீஸ் பிரிண்டரில் பஸ் டிக்கெட் எடுத்தவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. என் கவலை வேறு. கம்ப்யூட்டர் அரசாங்கத்துடையது. அதற்குள் இருப்பதோ ஒரு பாட்டியின் ஓய்வூதியக் கணக்கு எண், ஒரு நெசவாளியின் ஆதார், ஒரு பிள்ளையின் சாதிச் சான்று, அதன் அப்பாவின் போன் நம்பர். கேட்டீர்கள், கொடுத்தார்கள். கொடுக்காமல் இருக்க அவர்களுக்கு வழியில்லை.

நம் ஊரில் தறி தெரியாத வீடு குறைவு. சங்கத்தில் பாவும் ஊடையும் சரிகையும் எடை போட்டுத்தான் தருவார்கள். சேலையை நெய்து கொண்டுபோனால் மறுபடியும் தராசு. நெசவாளி திருடுவார் என்பதற்காக இல்லை. பொருள் அவருடையது இல்லை என்பதற்காக. பட்டு குறைந்தால் தராசு காட்டிக்கொடுக்கும். தகவல் போனால் எந்தத் தராசும் காட்டாது, ஏனென்றால் திருடியவன் எடுத்த பிறகும் அது உங்கள் கம்ப்யூட்டரில் அப்படியேதான் இருக்கும். 'பேங்கிலிருந்து பேசுகிறோம்' என்று அந்தப் பாட்டிக்கு போன் வரும்போதுதான் தெரியும். அப்போதும் எங்கிருந்து போனது என்று யாருக்கும் தெரியாது.

"எங்க ஆபீஸ்ல யாருப்பா வந்து பாக்கப் போறான்" என்பீர்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். 2019 செப்டம்பரில் அங்கே ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்திருப்பது தெரியவந்தது. முதலில் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30-ஆம் தேதி, அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலை இயங்கும் அமைப்புக்குள் அது போகவில்லை, நிர்வாக வேலைக்கு வைத்திருந்த, இன்டர்நெட்டில் இணைந்திருந்த கம்ப்யூட்டர்தான் என்றார்கள். கவனியுங்கள், நிர்வாக வேலைக்கு வைத்திருந்தது. அதாவது உங்கள் மேசையில் இருப்பது போன்ற ஒன்று. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கியபோது, அங்கே பல நாட்கள் எல்லாவற்றையும் கையால் எழுதினார்கள். வரிசையில் நின்ற நோயாளிகள் என்ன பாவம் செய்தார்கள்?

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது பாஸ்வேர்டை ஊருக்கே கொடுத்து வைப்பது. மானிட்டரிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். அதிகாரியின் ஐடியில் உதவியாளர் உள்ளே போவார். எமிஸ் வேலைக்குப் பள்ளியின் பாஸ்வேர்டு பிரவுசிங் சென்டர்காரருக்கு மனப்பாடமாக இருக்கும். நாளைக்கு ஒரு பட்டா தவறாக மாறிவிட்டால், மாற்றியது யார் என்று சொல்ல ஆளே இருக்காது. பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர்.

நம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். குடவோலையை மட்டும் நினைவில் வைத்திருப்பீர்கள். முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்கிறது. அவர் மட்டுமா? மாமனார், மைத்துனர், மருமகன், அத்தை மகன் என்று உறவுகளையும் சேர்த்து ஒதுக்குகிறது. (சொந்தக்காரர்கள் கோபிக்க வேண்டாம், கல்வெட்டில் இருப்பதைத்தான் சொல்கிறேன்.) உறவினரைத் தண்டிப்பது இன்றைக்கு நியாயம் ஆகாது. ஆனால் ஊர்ப் பொருளைக் கையாண்டவர் கணக்குக் காட்டியே ஆகவேண்டும் என்பதில் அந்தச் சபைக்கு இருந்த கண்டிப்பு எனக்குப் பிடிக்கும்.

பழியை எல்லாம் ஊழியர் தலையில் போடவும் மாட்டேன். பழைய கம்ப்யூட்டர், திணறும் இன்டர்நெட். ஆசிரியர் தன் சொந்த போனில், சொந்த டேட்டாவில் வருகைப் பதிவு போடுகிறார். உத்தரவுகள் வாட்ஸப்பில் வருகின்றன, பயனாளிகள் பட்டியலும் அதிலேயே போகிறது. இரவு அந்த போனை வாங்கிக் குழந்தை கேம் விளையாடுகிறது. அரசாங்கப் பொருளைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தாதே என்று சொல்ல விதி இருக்கிறது. ஊழியரின் சொந்தப் பொருளை அரசாங்க வேலைக்குப் பயன்படுத்துவதை யார் கேட்பது? 2025 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகம், ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவை வேண்டாம் என்று ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. நல்லது. அதே அக்கறையோடு ஆபீஸுக்கு ஒரு நல்ல கம்ப்யூட்டரும் வந்தால் இன்னும் நல்லது.

மேலதிகாரியே பாஸ்வேர்டைக் கேட்டால் எப்படி சார் மறுப்பது என்று கேட்பீர்கள். நேருக்கு நேர் மறுப்பது கஷ்டம்தான். "ஐயா, என் ஐடியில் நானே போட்டு உங்களிடம் காட்டுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் நடக்கும். நடக்காவிட்டால் தேதியோடு எழுதிக் கொடுத்து, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மானிட்டரில் ஒட்டிய சீட்டை மட்டும் நாளைக் காலையிலேயே கிழித்துப் போடுங்கள். உங்கள் ஆபீஸில் நடப்பதைக் கீழே எழுதுங்கள், ஆபீஸ் பெயர் வேண்டாம்.