சைக்கிள் பெல் யார் காதில் விழும்?

உங்கள் வகுப்பில் எத்தனை பேரிடம் சைக்கிள் இருக்கிறது, குட்டீஸ்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். அடேயப்பா, முக்கால்வாசிப் பேர்! சரி, அந்த சைக்கிளிலேயே பள்ளிக்கூடத்துக்கு வருகிறவர்கள் மட்டும் கையைத் தூக்குங்கள். என்ன இது, இத்தனை கைகள் கீழே இறங்கிவிட்டன?

சென்னை மாதிரி பெரிய ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கு இதுதான் நிலைமை. பிறந்த நாளுக்கு ஆசை ஆசையாக வாங்கிய சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அடுக்குமாடி வாசலில் நாலு ரவுண்டு, இரண்டு எட்டு. மறுபடி மாடிப்படிக்குக் கீழே. "மெயின் ரோட்டுப் பக்கம் போனே, காலை ஒடிச்சிடுவேன்" என்று அம்மா சொல்லியிருப்பார். அம்மா மேல் தப்பே இல்லை. அந்த ரோட்டைப் பார்த்தால் பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்குகிறது. அப்படியானால் தப்பு யார் மேல்? அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னையைப் போல சைக்கிளுக்கு ஏற்ற ஊர் கிடைப்பது கஷ்டம். ஊட்டியில் ஓட்டிப் பாருங்கள், பாதி தூரம் நீங்கள் சைக்கிளை ஓட்டுவீர்கள், மீதி தூரம் தள்ளிக்கொண்டு போவீர்கள்! சென்னை அப்படியில்லை. தோசைக்கல் மாதிரி தட்டையான ஊர். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் போனால்தான் குன்று என்று சொல்ல ஏதாவது தென்படும். மற்றபடி நமக்கு மலை என்றால் மேம்பாலம்தான். 1973-ல் திறந்த ஜெமினி மேம்பாலத்தில் ஏறும்போது தொடை வலிக்கும், இறங்கும்போது காது ஓரம் காற்று விர்ரென்று போகும். மலை ஏறி இறங்கிய திருப்தி!

இன்னொரு விஷயம், கடற்காற்று. வெயில் காலத்தில் மதியவாக்கில் பாருங்கள். வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகிவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. நிலத்தின் மேல் இருக்கும் சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்தைப் பிடிக்கக் கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வரும். பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் அதை உடம்பால் தெரிந்துகொள்ள வேண்டுமானால் சைக்கிள் வேண்டும். மாலையில் தி.நகரிலிருந்து மெரினாவுக்கு மிதித்துப் போனால் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். "போகாதே, போகாதே" என்று சொல்கிற மாதிரி இருக்கும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வரும். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

விடிகாலை ஆறு மணிக்கு மயிலாப்பூர் மாடவீதிகளில் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஈரக் கோலத்தின் மேல் சக்கரம் படாமல் வளைந்து வளைந்து போக வேண்டும். பட்டால் பாட்டி திட்டுவார்! ஒரு கடையில் காபி மணக்கும், அடுத்த கடையில் பூ மணக்கும். சில தெருக்களில் ஏப்ரல், மே மாதங்களில் மரங்களிலிருந்து மஞ்சள் பூ கொட்டி ரோடே மஞ்சளாகக் கிடக்கும். அதன் மேல் டயர் போகிற சத்தமே தனி. நடந்து போனாலும் இதையெல்லாம் பார்க்கலாம், உண்மைதான். ஆனால் நடக்கச் செலவாகும் அதே சக்தியில் சைக்கிளில் சுமார் மூன்று மடங்கு தூரம் போய்விடலாம். பெட்ரோல் வேண்டாம். காலையில் சாப்பிட்ட நாலு இட்லி போதும்!

உங்கள் தாத்தாவிடம் "குரங்குப் பெடல்" என்றால் என்ன என்று கேளுங்கள். முகம் மலர்ந்துவிடும். அப்போது சின்னப் பிள்ளைகளுக்கென்று சின்ன சைக்கிள் எல்லா வீட்டிலும் கிடையாது. பெரிய ஆள் ஓட்டும் சைக்கிளை மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுப்பார்கள். சீட்டில் ஏறினால் கால் எட்டாது. அதனால் பாருக்குக் கீழே இருக்கும் முக்கோண இடைவெளிக்குள் ஒரு காலை விட்டு, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, அரைப் பெடல் போட்டுக்கொண்டே தெருவைச் சுற்றுவார்கள். முழங்காலில் தழும்பு இல்லாத தாத்தா அபூர்வம். அந்தத் தெருக்களில் அப்போது அவர்கள் விழுந்து எழ இடம் இருந்தது. அதைத்தான் கவனிக்க வேண்டும்.

இப்போது எரிச்சல்களுக்கு வருவோம். பட்டியல் போட்டால் இந்தப் பக்கம் போதாது!

ரோட்டின் இடது ஓரம்தான் சைக்கிளுக்கு என்று சொல்கிறார்கள். அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது? மணல். உடைந்த கண்ணாடி. அமிழ்ந்துபோன பாதாள சாக்கடை மூடி. நிறுத்தி வைத்த கார். பேருந்து நிறுத்தத்தில் பேருந்து உங்கள் பின்னாலிருந்து வந்து முன்னால் வெட்டி நிற்கும். அதைத் தாண்டலாம் என்று வலது பக்கம் ஒதுங்கினால் பின்னாலிருந்து ஹாரன் கிழியும். ஷேர் ஆட்டோ எங்கே நிற்கும் என்று அதன் ஓட்டுநருக்கே தெரியாது, கை காட்டிய இடமெல்லாம் நிறுத்தம்தான். நிற்கும் காரின் கதவு திடீரென்று திறக்கும். நீங்கள் "கிணிங் கிணிங்" என்று பெல் அடிக்கிறீர்கள். கண்ணாடி ஏற்றி, ஏ.சி. போட்டு, பாட்டு வைத்திருப்பவர் காதில் அது எப்படி விழும்?

மழைக்காலத்தில் இன்னும் மோசம். சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றுவிடும். தெருவில் தேங்கிய தண்ணீருக்குக் கீழே பள்ளமா, மூடியில்லாத குழியா என்று தெரியாது. அப்படிப்பட்ட தண்ணீரில் மட்டும் ஓட்டவே ஓட்டாதீர்கள், இறங்கித் திரும்பி வந்துவிடுங்கள். வீம்பு வேண்டாம்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் வருவது ஒரு சின்ன விஷயத்தில். ஒரு பெரிய வணிக வளாகத்துக்கு சைக்கிளில் போனேன். காருக்கு மூன்று தளம் ஒதுக்கியிருக்கிறார்கள். பைக்குக்கு ஒரு தளம். "சைக்கிளுக்கு டோக்கன் கிடையாது சார், வெளியே எங்கேயாவது விட்டுட்டு வாங்க" என்றார் காவலாளி. பாவம், அவர் என்ன செய்வார்? ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிளாவது நிற்கும். அந்தக் கணக்கு கட்டடம் கட்டியவருக்குத் தெரியவில்லையா, இல்லை சைக்கிளில் வருகிறவன் எதுவும் வாங்க மாட்டான் என்று நினைத்தாரா?

"சைக்கிள்தான் மெதுவாகப் போய் நெரிசலை உண்டாக்குகிறது" என்று சிலர் சொல்வார்கள். 2013-ல் கொல்கத்தாவில் போலீசார் 174 சாலைகளில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று தடையே போட்டார்கள். பால்காரரும் பேப்பர் போடுகிறவரும் என்ன செய்வார்கள்? பலர் போராடிய பிறகுதான் தடை பல சாலைகளில் தளர்ந்தது. எனக்கு இந்த வாதம் சுத்தமாகப் புரியவில்லை. உங்கள் பள்ளி வாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரை மணிக்கு அங்கே ஏன் அவ்வளவு கூட்டம்? ஒரு பிள்ளையை இறக்கிவிட ஒரு கார். ரோட்டில் காரும் பைக்கும் அதிகம், பிள்ளை சைக்கிளில் போவது ஆபத்து என்று பயந்து அப்பா காரில் கொண்டுவந்து விடுகிறார். அதனால் ரோட்டில் இன்னொரு கார் கூடுகிறது. அதைப் பார்த்து அடுத்த வீட்டு அப்பாவும் பயப்படுகிறார். அவரும் காரை எடுக்கிறார். இப்படியே போனால் எங்கே போய் முடியும், நீங்களே சொல்லுங்கள்!

நம் தமிழ்நாட்டில் சைக்கிளுக்குப் பெரிய கதை உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டும் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டும் அவர்கள் ஓட்டினார்கள். அதன் பிறகு அவர்கள் எங்கேயும் போவதற்கு அண்ணனுக்கோ கணவருக்கோ காத்திருக்க வேண்டியதில்லை. 2001-02-ல் தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டம் உங்களுக்கே தெரியும். உங்கள் அக்காவோ அண்ணனோ அப்படி ஒரு சைக்கிள் வாங்கியிருக்கலாம். கிராமத்தில் அந்த சைக்கிளால் எத்தனையோ பிள்ளைகள் படிப்பைத் தொடர்ந்தார்கள். நகரத்திலோ, சைக்கிள் கையில் இருக்கிறது, அதை ஓட்ட பாதை எங்கே? 2014-ல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. சில சாலைகளில் நடைபாதை அகலமானது, நல்லதுதான். சைக்கிளுக்கு? காகிதத்தில் இருக்கிற பாதையில் மிதிக்க முடியாதே!

"அதெல்லாம் வெளிநாட்டில்தான் முடியும்" என்பார்கள் பெரியவர்கள். அப்படிச் சொன்னால் நெதர்லாந்து கதையைச் சொல்லுங்கள். இன்று அந்த நாட்டில் ஆட்களைவிட சைக்கிள்கள் அதிகம். ஆனால் அது எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1950, 60-களில் அங்கேயும் கார்கள் பெருகி, சைக்கிளை ஓரங்கட்டிவிட்டன. 1971-ஆம் ஆண்டில் மட்டும் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். பெற்றோர்கள் கொதித்தெழுந்தார்கள். "குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள்" என்பதுதான் அவர்கள் இயக்கத்தின் பெயரே.

இதில் பிள்ளைகள் செய்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் டி பைப் என்று ஒரு நெருக்கடியான பகுதி. தெரு முழுக்க கார்கள், விளையாட இடமே இல்லை. 1972-ல் அங்கே இருந்த, உங்கள் வயதுப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். தெருவை மறித்து, "இது விளையாடும் தெரு" என்று விளையாடினார்கள். சில கார்க்காரர்களுக்குப் பயங்கரக் கோபம்! ஆனால் பிள்ளைகள் அசையவில்லை. தொலைக்காட்சியில் அது வந்தது, நாடே பார்த்தது. அடுத்த ஆண்டு, 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக் கூடாது என்று அரசே சொல்லிவிட்டது. நெடுஞ்சாலையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினார்கள். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, தனிப் பாதைகள் போட்டார்கள். வெறும் கோடு போட்டுவிட்டுப் போகவில்லை. கார் ஏற முடியாதபடி பிரித்து, திருப்பங்களில் சைக்கிளுக்குத் தனி சிக்னல் வைத்தார்கள்.

"அவர்கள் பணக்கார நாடு" என்றால் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவைக் காட்டுங்கள். 1974-ல் அங்கே ஆரம்பித்த பழக்கம் இது. இப்போது ஒவ்வொரு ஞாயிறும், விடுமுறை நாளும் காலை ஏழு மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகளில் மோட்டார் வண்டி கிடையாது. சைக்கிளும் நடப்பவர்களும் மட்டும்தான்!

நாளைக்கே நீங்கள் அண்ணா சாலையில் சைக்கிளை இறக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பெரிய சாலையில் தனியாகப் போகவே வேண்டாம். உள்தெருக்களில், பெரியவர் ஒருவரோடு ஓட்டுங்கள். ஹெல்மெட் போடுங்கள், முடி கலைந்தால் கலையட்டும். நிற்கும் காரிலிருந்து ஒரு கதவு அகலத்துக்காவது தள்ளிப் போங்கள். பேருந்து, லாரிக்கு இடது பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். அது இடது பக்கம் திரும்பினால் ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். இருட்டினால் விளக்கும், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் கட்டாயம். வாரம் ஒரு முறை காற்று, பிரேக், செயின் மூன்றையும் பாருங்கள். தெருமுனை பஞ்சர் கடை அண்ணன் ரிம்முக்குக் கோட்டம் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு சினிமாவை விட சுவாரசியமாக இருக்கும்.

அதோடு ஒரு வேலையும் செய்யுங்கள். நாலு பேர் சேர்ந்து, ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரை உள்ள வழியைப் படமாக வரையுங்கள். எங்கே பள்ளம், எங்கே மூடி அமிழ்ந்திருக்கிறது, எங்கே ரோட்டைத் தாண்ட முடியவில்லை என்று குறியுங்கள். பள்ளி வாசலில் காலையில் எத்தனை கார், எத்தனை பைக், எத்தனை சைக்கிள் என்று ஒரு வாரம் எண்ணுங்கள். ஒரு நகலைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, பள்ளிக்குள் நிழலான சைக்கிள் ஸ்டாண்டு கேளுங்கள். இன்னொரு நகல் உங்கள் வார்டு கவுன்சிலருக்கு. சென்னையில் 200 வார்டுகள், 200 கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். உங்கள் வார்டு எண் என்ன என்று அப்பாவிடம் கேட்டால், அவரும் தேடித்தான் சொல்வார்!

பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு கவுன்சிலர் அலுவலகத்துக்கு சைக்கிளிலேயே போங்கள். அங்கே சைக்கிள் நிறுத்த இடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வந்து, நோட்டில் எழுதிவிடுங்கள்.